வற்றியே இருக்கட்டும்

"ஸ்தோத்திரம் சிஸ்டர்! சந்தோஷமான சேதி. உங்க கிணறு மறுபடி ஊறப்போகுது!"

சபைக்குப் புதிதாக வந்திருந்த போதகர், செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். தையல்காரம்மாவின் மிஷின் பாதித் தையலில் நின்றது.

"எப்படிங்க பாஸ்டர்?"

"சபை போர்வெல் மோட்டாரை நாளையிலேர்ந்து நிறுத்துறோம். அது வந்த பிறகுதானே இந்தப் பக்கம் அத்தனை கிணறும் வத்துச்சு? ஆலயத்துத் தோட்டம் பச்சைப்பசேல்னு இருக்கு. சுத்தி இருக்கறவங்க குடத்தோட அலையறாங்க. மோட்டார் இருக்குன்னு அடுத்தவன் தண்ணியையும் உறிஞ்சிட்டு, 'பிறனை நேசி'ன்னு பிரசங்கம் பண்ண எனக்கு வாய் வரமாட்டேங்குது."

மனிதர் நல்லவர்தான். நல்லது செய்யக் கிளம்பியவர்களுக்கே உரிய அவசரமும் அவரிடம் இருந்தது.

"நிறுத்தாதீங்க பாஸ்டர்."

போதகர் திகைத்துப்போனார். "என்ன சிஸ்டர் இப்படிச் சொல்றீங்க? முதல்ல வத்தினதே உங்க கிணறுதானாமே!"

"ஆமாங்க. வத்தினது வத்தினதாவே இருக்கட்டும்."

"தெருக்குழாய்ல வரிசையில நிக்கறீங்களே, கஷ்டமா இல்லையா?"

"பழகிப்போச்சு."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்களுக்குப் பழகிப்போச்சு, சரி. மத்தவங்க என்ன பாவம் பண்ணாங்க? அந்த மோட்டாரைக் காணிக்கையாக் கொடுத்தவர் பேரே சொல்லலையாம். சொல்லாததும் நல்லதுக்குத்தான், இல்லேன்னா இன்னிக்கு நாலு பேர் வாயில விழுந்திருப்பாரு. இத்தனை பெரிய மோட்டார் எதுக்குன்னு அவர் கொஞ்சமாவது யோசிச்சாரா?"

தையல்காரம்மா மடியில் கிடந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"யோசிச்சுத்தான் கொடுத்தோம், பாஸ்டர். நானும் எங்க வீட்டுக்காரரும் வண்டியை வித்துக் கொடுத்தோம். ஆனா எங்க கிணறு மட்டும்தான் வத்தும்னு நெனச்சோம். ஊர்க் கிணறெல்லாம் வத்தும்னு சத்தியமாத் தெரியாது."

"உங்க கிணத்தை நீங்களே வத்த வச்சீங்களா? எதுக்கும்மா?"

அவள் நிமிரவேயில்லை.

"மண்ணைக் கொட்டி மூடிடலாம்னு எல்லாரும் சொன்னாங்க. எம்பொண்ணை ரெண்டாவது தடவை புதைக்க எனக்கு மனசு வரல. அவ எட்டிப் பார்த்து விழுந்த அன்னிக்கு, அதுல தண்ணி விளிம்பு வரைக்கும் நெறைஞ்சு கிடந்துச்சு, பாஸ்டர்."