காளை போன தூரம்

செக்கு இழுக்கும் மாட்டுக்குக் கண்ணைக் கட்டிவிடுவது வழக்கம். சுற்றுவது தெரிந்தால் அதற்குத் தலை கிறுகிறுக்குமாம். ஒரு காளையை அன்றுதான் முதல்முறையாகச் செக்கில் பூட்டியிருந்தார்கள். தன்னை வளர்த்த செக்குக்காரரை அது சாமி என்றுதான் சொல்லும்.

எள் பொறுக்க வந்த காக்கை கேட்டது: "எங்கே போறே?"

"இவ்வளவு நேரம் நடந்தா காசியாத்தான் இருக்கும்."

"கண்ணைக் கட்டியிருக்கு. முன்னாலே பாதை இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

காளை நின்றுவிட்டது. செக்கும் நின்றது. அடுத்த அடிக்குத் தூக்கிய காலைப் பழைய இடத்திலேயே வைத்தது. வெகுநேரம் யோசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தியது.

"நடக்கச் சொன்னது சாமி. அவர் நல்லவர், ஏமாத்த மாட்டார். அப்போ பாதை இருக்கத்தானே வேணும்?"

"அவர் நல்லவர்னு எதை வச்சுச் சொல்றே?"

"எவ்வளவு நல்ல பாதை போட்டுக் கொடுத்திருக்கார் பாரு. கல் இல்லே, முள் இல்லே, மேடு பள்ளம் இல்லே."

கழுத்து மணி குலுங்கக் காளை நடந்தது.

துணியை அவிழ்க்கும்போது அதன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று காக்கை அங்கேயே காத்திருந்தது. பொழுது சாயத் துணி அவிழ்ந்தது. காலையில் பார்த்த அதே செக்கு, அதே கொட்டகை, அதே புண்ணாக்குத் தொட்டி. காளையின் கண்கள் நிறைந்துவிட்டன.

"எனக்கு ஊர் ஏக்கம் வரக்கூடாதுன்னு, காசியிலேயும் நம்ம வீட்டை அப்படியே கட்டி வச்சிருக்கார் என் சாமி."

பிறகு காக்கையை அன்போடு பார்த்தது.

"எங்க ஊர்லேயும் உன்னை மாதிரியே ஒரு காக்கை உண்டு. பாவம், அதுக்கு நம்பிக்கை கிடையாது."