ஒரு ஆள் சமையல்

வெயிலிலிருந்தே உடல் செல்களுக்குச் சக்தி எடுத்துத் தரும் புது நொதியை அந்த வீட்டில் எல்லோரும் ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள். சுலோசனாவின் உடம்பு மட்டும் அதை ஏற்கவில்லை. காய்ச்சலில் கிடந்து பிழைத்தவளிடம், "உங்களுக்குச் சோறுதாம்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கணவர் பரமானந்தமும் மகள் யாழினியும் மொட்டைமாடியில் பேசிச் சிரித்தபடி வெயில் காய்வார்கள். கீழே அவள் தனக்கு மட்டும் குக்கர் வைப்பாள். ஆரம்பத்தில் அவர் துணைக்கு வந்து உட்கார்ந்தார். பசியில்லாதவருக்கு அடுத்தவர் மெல்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது சங்கடமாக இருந்திருக்க வேண்டும். "நீங்க போங்க" என்று அவளே அனுப்பிவிட்டாள்.

ஒருகாலத்தில் உப்பு கொஞ்சம் குறைந்தாலும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த மனுஷன் அவர். அந்தச் சண்டைக்குக்கூட அவள் இப்போது ஏங்கினாள்.

ஒருநாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் சாம்பார் வைத்து, கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு மாடிக்கு ஏறினாள்.

"கொஞ்சம் நாக்குல வெச்சுப் பாருங்களேன்."

பரமானந்தம் மறுக்காமல் ஒரு வாய் குடித்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாருக்கு சுலோ" என்று சிரித்துவிட்டு, அவர் வெயில் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுலோசனா கீழே வந்து, சாம்பாரில் உப்பைப் போட்டுக் கலக்கி, சாப்பிட உட்கார்ந்தாள்.