காயாத பிரஷ்

"எத்தனை நாள் பயணம் சார்?" என்று கடைக்காரர் கேட்டார். பொன்னுரங்கம் அவர் எடுத்துக் காட்டிய மூன்று ஷேவிங் பிரஷ்களையும் மாற்றி மாற்றிக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். முடியைக் கைப்பிடிக்குள்ளேயே திருப்பி வைத்து மூடிக்கொள்ளும் சின்ன பிரஷ் பிடித்துப்போயிற்று. அது சட்டைப்பைக்குள் அடங்கியது. பெட்டியைத் தூக்கினால்தானே எங்கே என்று மனைவி வேதவல்லி கேட்பாள்.

"ஈரத்தோட மட்டும் மூடிடாதீங்க, பூஞ்சை பிடிச்சிரும். ரெண்டு நாள் நல்லாக் காயணும்," என்றார் கடைக்காரர்.

மறுநாள் ஒரே ஒரு தடவை சவரம் செய்து பார்த்துவிட்டு, பிரஷை உதறி ஜன்னலில் நிறுத்தி வைத்தார். காய்ந்ததும் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். வேதவல்லியோடு முப்பத்தொரு வருடம் குடித்தனம் செய்ததில், எதையும் ஈரத்தோடு மடித்து வைக்க அவருக்குக் கை வரவில்லை.

மூன்றாம் நாள் தொட்டுப் பார்த்தார். ஈரம். மழைக்காலம்தானே என்று சமாதானம் செய்துகொண்டார். ஐந்தாம் நாளும் ஈரம். தாடி வெள்ளை வெள்ளையாகக் குத்தியது.

ஏழாம் நாள் காலையில் ஜன்னலில் பிரஷ் இல்லை. வேதவல்லி ஒரு கையில் வெந்நீர்ச் சொம்போடு வந்தாள். மறு கையில் பிரஷ், நுரை வழிய.

"தினமும் நனைச்சு வைக்கிறேன், நீங்க எடுக்கவே மாட்டேங்கிறீங்க. உக்காருங்க. இந்தத் தாடியோட எங்க போயிருவீங்க?"

அவர் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினார். நுரை இதமான சூட்டில் இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிரஷ் உதட்டுக்கு வந்துவிட்டது.