எக்ஸ் போட்ட கேசுங்க

“பையன் தங்கம் கவுன்சிலரம்மா. வேலையில ஒரு கொற சொல்ல முடியாது. ஆனா…” என்று பொன்னுரங்கம் இழுத்தார்.

ஜெயம்மாளுக்கு அந்த ‘ஆனா’ பிடிக்கவில்லை. அண்ணன் மகள் இசைவாணிக்கு மாப்பிள்ளை கேட்டு வந்திருந்தார். கேட்ட பையன் தமிழழகன், பொன்னுரங்கத்தின் மனைவிக்குத் தம்பி. கள்ளக்குறிச்சியில் மாமாவின் பிளெக்ஸ் கடையில்தான் வேலை. அப்போது ரிஷிவந்தியத்துக்குப் பேனர் கட்டப் போயிருந்தான்.

“ஆனா இன்னா? குடியா?”

“ஐயையோ, அது கிட்டயே போவ மாட்டான். கேமு!”

பொன்னுரங்கம் கம்ப்யூட்டரைக் காட்டினார். திரையின் மூலையில் கார் ரேஸ் கேம் ஒன்றின் சிவப்புக் கார் படம் இருந்தது.

“வருசக்கணக்கா இது இங்கதான் கீது. எடுடான்னா எடுக்க மாட்டேங்கறான். கேட்டா, இருக்கட்டும் மாமாங்கறான்.”

ஜெயம்மாள் முகம் சுருங்கியது. “குடின்னாலாவது மருந்து வாங்கிக் குடுக்கலாம். கேமுக்கு எங்க போறது? சரி, மொதல்ல என் பேனர முடி.”

அண்ணன் வீட்டில் மறுநாள் காதுகுத்து. இந்தக் கடையில் அடித்த பேனரில் அத்தை ஜெயம்மாளின் பெயரே விட்டுப்போயிருந்தது. விடுவாரா?

பொன்னுரங்கம் பேனரைத் திறக்கப் பார்த்தார். இடமே இல்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது.

“எல்லாம் அவன் கேமால வந்த வினை!”

உள்ளே போய், போட்டிருக்கும் சாப்ட்வேர்களைப் பார்த்தார். ஒரே பெயர் வரிசை கட்டி நின்றது. வருடம் மட்டும் வேறு வேறு. உடனே மச்சானுக்குப் போன் போட்டார்.

“டேய், இன்னாடா இது? ஒரே பேரு இத்தினி வாட்டி கீது?”

“அதுங்கல்லாம் லைப்ரரி மாமா, கேமு ஓட வேண்டிய சாமானுங்க. கேமு போட்டா கூடவே வரும். விருந்துக்கு வர்றவன் சமையக்காரனயும் இட்டுக்கினு வர்ற மாதிரி. நம்ம வூட்ல ஏற்கெனவே ஆளு இருக்கானான்னுல்லாம் பாக்காது.”

“அதாவது, உங்க அக்காவ கட்டினா கூடவே நீ வந்தியே, அந்த மாதிரி.”

தமிழழகன் சிரித்தான். “அப்டியே வெச்சிக்குங்க. ஆனா ஒண்ணயும் எடுத்துடாதீங்க மாமா. எது எத நம்பி ஓடுதுன்னு தெரியாது. தோ, வந்துக்கினே இருக்கேன்.”

எடுக்காதே என்று சொன்ன பிறகு கை சும்மா இருக்குமா?

“பாருங்க கவுன்சிலரம்மா, பேருக்குப் பேரு எக்ஸ் போட்டிருக்கான். எக்ஸ் எம்பத்தாறு, எக்ஸ் அறுபத்து நாலு. எல்லாம் பதவி போன கேசுங்க. சும்மா எடத்த அடச்சிக்கினு கீதுங்க.”

ஜெயம்மாள் விறைத்து நிமிர்ந்தார். அவரும் முன்னாள் கவுன்சிலர்தான். எந்தப் பேனரிலும் அவர் பெயருக்கு முன்னால் இங்கிலீஷில் ‘எக்ஸ்’ என்று போட்டுத்தான் அடிப்பார்கள்.

“எக்ஸுன்னா எளக்காரமா பூட்ச்சா உனக்கு?”

“ஐயோ, உங்கள சொல்லலீங்க!”

கேமைத் தூக்கினார். எக்ஸ்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கினார். காலண்டர் என்றால் புது வருடத்ததுதானே மாட்டணும் என்று, கடைசி வருடத்தை மட்டும் விட்டுவைத்தார். அத்தனை எடுத்தும் கொசுறு இடம்தான் கிடைத்தது. உண்மையில் இடத்தை அடைத்திருந்தவை அவர் அழிக்க மனமில்லாமல் வைத்திருந்த பழைய பேனர்கள். தோற்றுப்போனவருக்கு முன்கூட்டியே அடித்த வெற்றி வாழ்த்துகூட அதில் பத்திரமாக இருந்தது.

பேனர் எப்படியோ திறந்தது. ஆனால் தமிழ் அடிக்கும் சாப்ட்வேர் திறக்கவில்லை. தட்டிப் பார்த்தார், அணைத்துப் போட்டுப் பார்த்தார். ம்ஹூம்.

“இன்னாப்பா ஆச்சு?”

“இங்கிலீசு மட்டுந்தான் வருதுங்க. இப்பத்திக்கு உங்க பேருல… எக்ஸ் மட்டும் அடிக்கலாம்.”

ஜெயம்மாள் பார்த்த பார்வையில் பொன்னுரங்கத்துக்கு வேர்த்துவிட்டது.

நல்ல வேளை, தமிழழகன் வந்து சேர்ந்தான். நடந்ததைக் கேட்டான். டிராயரைத் திறந்து ஒரு சிடியை எடுத்தான். மேலே அதே சிவப்புக் கார்.

“பாத்தியா! என் பேனரு நிக்குது, இவன் காரு ஓட்டப் போறான்!” என்றார் ஜெயம்மாள்.

அவன் கேமைத் திரும்ப ஏற்றினான். அப்புறம் தமிழ் சாப்ட்வேரைத் தட்டினான். சமர்த்தாகத் திறந்துகொண்டது. அத்தை பெயர் பெரிய எழுத்தில் ஏறியது, பேனரும் வெளியே வந்தது.

ஜெயம்மாள் பேனரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “பேனரு நல்லா வந்திச்சி. அந்த விசயத்துக்கு… அண்ணன வேற எடம் பாக்கச் சொல்லிடறேன்.”

அவர் படியிறங்கினார். தமிழழகன் தலையைக் குனிந்துகொண்டான். இசைவாணியை அவனுக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

பொன்னுரங்கத்துக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. “கேமு போட்டதும் தமிழு எப்டிடா வந்திச்சி?”

“தமிழு ஓட ஒரு பழைய லைப்ரரி வேணும் மாமா. தமிழ் சாப்ட்வேரு போட்ட அன்னிக்கு நம்ம கடையில நெட்டு இல்ல. இந்த கேம் சிடில அது இருந்திச்சி. அதுக்காவ போட்டதுதான். எனக்கு இத ஆடக்கூடத் தெரியாது.”

“சாப்ட்வேரு சிடிலயே அது இருக்கணுமேடா?”

தமிழழகன் தயங்கினான்.

“நீங்க வாங்கினு வந்தது அரகொற காப்பி மாமா. யாரோ உங்கள நல்லா ஏமாத்திட்டான். நீங்க அதுக்குப் பொட்டு வெச்சி, கற்பூரம் ஏத்தி, அக்காவ கூட்டாந்து பெருமையா காட்டினீங்க. அவங்க எதிர்ல ஓடாதுன்னு எப்டி சொல்றது?”

பொன்னுரங்கம் தெருவைப் பார்த்தார். ஜெயம்மாள் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார். தான் ஏமாந்த கதையை ஊர் நடுவில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மச்சானை விட்டுக்கொடுக்க மனசும் வரவில்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

“கவுன்சிலரம்மா, நில்லுங்க! கேம் ஆடறவன் அவன் இல்லீங்க… நான்தான்!”