நரி தூக்கிப்போன செருப்புகள்

கணவர் ஸ்டெஃபானின் ஆஸ்திரிய மலைக்கிராமத்துக்குக் குடிவந்த பிறகும் நாங்கள் செருப்பை வாசலில்தான் கழற்றிவிட்டோம். ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. "நரி தூக்கிட்டுப் போகுது, உள்ள வைங்க" என்றார் அவர், என்னிடம் கற்ற மதுரைத் தமிழில்.

"இங்க யாருமே நம்மகூடப் பேச மாட்டேங்கிறாங்க. ஊருக்கே போயிருவோம்மா" என்று மகள் பூவிழி அழுதாள்.

அப்புறம் செருப்புகள் திரும்பி வரத் தொடங்கின. தன் முட்டைக்கோஸ் வயலில் கிடந்ததென்று ஒரு பெரியவர் ஒன்றைக் கொண்டுவந்து, காப்பி குடித்துவிட்டுப் போனார். இன்னொன்றோடு வந்த பக்கத்துப் பண்ணைச் சிறுமி, பூவிழியோடு இருட்டும்வரை பாண்டி ஆடினாள்.

கடைசிச் செருப்பும் வந்துசேர்ந்த மாலை, ஸ்டெஃபான் எல்லாவற்றையும் உள்ளே அடுக்கிவைத்தார். நான் கதவைச் சாத்தப் போனேன். படியில் பூவிழியின் புதுச் செருப்பு ஒன்று மட்டும் இருந்தது. அதற்குள் ஒரு துண்டு கருவாடு.