வலது பட்டன்

கரம்பொனில் ரேடியோ திருத்தும் அம்புறோஸ் மூன்று கிழமையாக ஒரு யூ.எஸ்.பி. மவுஸோடும் சின்னச் சிப் பலகையோடும் மல்லுக்கட்டிக் களைத்துப்போனார்.

"மவுஸ் சொல்லுறது சிப்புக்கு விளங்கத்தான் மகன் இந்தப் புரோகிராம் லைப்ரரியை அனுப்பினவன். சரிவருகுதில்லை, ஜோசப்பின்."

மனைவி மேரிஜோசப்பின் கட்டிலில் கிடந்தார். பதில் இல்லை.

"ஏன், கோவமோ? ஒடியற்கூழ் காய்ச்சி வைச்சிருக்கிறன். உமக்குப் பிடிக்குமெண்டுதானே நெடுகக் காய்ச்சுறன்."

அம்புறோஸ் கடைசியாக ஒரு வரியை மாற்றிவிட்டு மவுஸை அழுத்தினார். பலகையில் பச்சை பல்ப் எரிந்தது.

மவுஸைக் கொண்டுபோய் மனைவியின் வலக்கைக்குள் வைத்தார். பாரிசவாதம் வந்த இந்த இரண்டு வருடமாக மேரிஜோசப்பினுக்குப் பேச்சில்லை. அசைவதும் அந்தக் கையின் இரண்டு விரல்கள் மட்டுந்தான்.

"இடது பட்டன் ஓம், பச்சை. வலது பட்டன் இல்லை, சிவப்பு. விளங்கிச்சோ?"

பச்சை.

"என்ரை கூழ் நல்லமோ?"

சிவப்பு.

"உப்புக் கூடவோ?"

பச்சை.

"உறைப்புமோ?"

பச்சை, பச்சை, பச்சை.

"அப்ப நீரே எழும்பி வந்து காய்ச்சும்!" என்று அம்புறோஸ் கத்தினார்.

இரண்டு வருடமாக அந்த வீட்டில் அவரோடு சண்டை பிடிக்க ஆளில்லாமல் இருந்தது.