ஆடாதோடையின் கைராசி

மரகதம் தன் கீரைப்பாத்தியைச் சுற்றி ஆடாதோடையை வேலியாக நட்டு வைத்தாள். ஆடு தொடாத இலை என்று பேரிலேயே இருக்கும்போது வேறு காவல் எதற்கு? செடியும் வெயிலையும் வறட்சியையும் சட்டை செய்யாமல் தளதளவென்று வளர்ந்தது. அதற்கு ஒரே குறைதான். இருமலுக்குக் கண்கண்ட மருந்து என்று பேர் வாங்கியிருந்தும், அந்த வீட்டில் யாரும் இருமவே இல்லை.

வேலிக்கு வெளியே ஒரு வெள்ளாடு சிறுகீரைக்காகத் தவித்துக்கொண்டிருந்தது. ஆடாதோடையை முகர்ந்த மாத்திரத்திலேயே அதற்குக் குமட்டியது. நின்று யோசித்தது. மறுநாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டே வந்தது.

“வைத்தியரே, நெஞ்சு கட்டிக்கிச்சு. நீங்கதான் காப்பாத்தணும்.”

வைத்தியரே என்றதும் ஆடாதோடை சிலிர்த்துப்போனது. “அடடா, வாய்யா வா! வேணுங்கிறதைப் பறிச்சுக்கோ.”

“வெளி இலை முழுக்கத் தூசிங்க. உள்பக்கத்துக் கொழுந்துதான் கேக்குமாம்.”

“விவரமான ஆளாத்தான் இருக்கே!” என்று செடி கிளைகளை ஒதுக்கி வழிவிட்டது.

பாத்தி மொட்டையாகும்வரை ஆடு தலை நிமிரவில்லை. வயிறு நிறைந்து வெளியே வந்தபோது செடி அக்கறையாகக் கேட்டது, “இருமல் எப்படிப்பா இருக்கு?”

“போயே போச்சு வைத்தியரே!”

வேலியோரம் படுத்து ஆடு அசைபோட்டுக்கொண்டிருக்கையில், ஆடாதோடை பக்கத்துச் செம்பருத்தியிடம் சொல்வது கேட்டது: “என் இலை ஒண்ணைக்கூடத் தொடலை. பக்கத்துல வந்து நின்னதுக்கே குணமாயிடுச்சுன்னா பாத்துக்கோயேன்!”

ஆட்டுக்கு நிஜமாகவே புரையேறியது.